சூரிக் ஃபிரௌமூன்ஸ்டர் பெண்கள் மடம்: ஆட்சியுரிமையும் ஒப்படைப்பும் (853–1524)

ஆய்வுச்சுருக்கம்

சுவிட்சர்லாந்தில், சூரிக் ஏரியிலிருந்து லிம்மாத் ஆறு புறப்படும் இடத்தில், 853ஆம் ஆண்டு அரச கொடையால் நிலைபெற்றது ஃபிரௌமூன்ஸ்டர் என்னும் பெண்கள் மடம். 671 ஆண்டுகளுக்குப் பின், 1524 டிசம்பரில், அதன் கடைசித் தலைவி கத்தரீனா ஃபான் சிம்மெர்ன் மடத்தையும் அதன் உரிமைகளையும் நகர மன்றத்திடம் ஒப்படைத்தார். இந்நிகழ்வு பெரும்பாலும் சமயச் சீர்திருத்த வரலாற்றின் ஒரு துணைச் செய்தியாகவே கூறப்படுகிறது. மடத்தலைவி ‘நகரின் ஆட்சித் தலைவி’ எனப்பட்டதன் உண்மைப் பொருள் யாது, அவ்வுரிமைகள் எவ்வாறு தேய்ந்தன, 1524இல் ஒப்படைக்கப்பட எஞ்சியிருந்தது என்ன ஆகிய வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சமய இல்லம் ஒன்றின் மூடுதலாக மட்டுமன்றி, சட்டவழி ஆட்சியுரிமை கைமாறிய நிகழ்வாகவும் 1524ஐக் காண வேண்டும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: ஃபிரௌமூன்ஸ்டர், சூரிக், மடத்தலைவி, விலக்குரிமை, நாணய உரிமை, சமயச் சீர்திருத்தம், கத்தரீனா ஃபான் சிம்மெர்ன்.

முன்னுரை

ஏரி முடிந்து ஆறு தொடங்கும் இடம் வணிகத்துக்கும் சுங்கத்துக்கும் இயல்பாகவே ஏற்றது. உரோமானியர் காலத்தில் துரிக்கம் எனப்பட்ட சூரிக் ஒரு சுங்கச் சாவடியாக இருந்தமைக்கு இவ்விட அமைப்பே காரணம். ஆல்ப்ஸ் கணவாய்களிலிருந்து நீர்வழியே வரும் சரக்கு ஏரியைக் கடந்து இங்குதான் ஆற்றுக்குள் இறங்க வேண்டும். ஆற்றின் இடக்கரையில் ஃபிரௌமூன்ஸ்டர், வலக்கரையில் ஆண் குருமாரின் குரோஸ்மூன்ஸ்டர், இடையே ஆற்றுத் தீவொன்றில் எழுந்த நீர்க்கோயில் எனச் சூரிக்கின் இடைக்காலச் சமய நிலப்பரப்பு ஆற்றைச் சுற்றியே அமைந்தது. ஃபிரௌமூன்ஸ்டர் என்னும் பெயருக்குப் ‘பெண்களின் மடக்கோயில்’ என்பது பொருள்.

கலைச்சொல் பற்றி முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். இத்தகைய இல்லத்தைத் தமிழில் ‘கன்னியர் மடம்’ எனக் குறிப்பது வழக்கம். அச்சொல் வாழ்நாள் நோன்பையும், உலகியலிலிருந்து விலகிய அடைப்பு வாழ்வையும், தனியுடைமை இன்மையையும் நினைவூட்டுகிறது. பிற்கால ஃபிரௌமூன்ஸ்டர் அத்தகையது அன்று. உயர்குடிப் பெண்கள் அங்கே திருப்பாடல் ஓதும் கடமையுடன் வாழ்ந்தனர். தனி இருப்பிடமும் வருவாயும் கொண்டிருந்தனர். தலைவி நீங்கலாக ஏனையோர் வெளியேறி மணம்புரிவதற்கும் இடமிருந்தது. ஆகவே இக்கட்டுரை ‘பெண்கள் மடம்’, ‘மடத்தலைவி’ என்னும் பொதுச்சொற்களையே ஆள்கிறது. இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் கடைசித் தலைவி மணம்புரிந்ததை ‘துறவு கலைந்த’ கதையாக மட்டும் படிக்கும் பழக்கம், அவர் வாழ்ந்த இல்லத்தின் தன்மையைக் கருதாமல் எழுந்ததே ஆகும்.

853ஆம் ஆண்டுக் கொடை ஆவணம்

கிழக்குப் பிராங்கிய அரசர் ஜெர்மானிய லுட்விக் 853 ஜூலை 21 அன்று ரேகன்ஸ்பர்க்கில் ஓர் ஆவணம் வழங்கினார். ஃபெலிக்ஸ், ரெகுலா ஆகிய மறைச்சாட்சிகளின் உடல்கள் துயிலும் சூரிக் மடத்துக்குத் தமது அரச பண்ணையையும், ஆல்பிஸ் காட்டையும், தெற்கே ஆல்ப்ஸ் மலைக்குள் அமைந்த ஊரி என்னும் சிறுநாட்டையும் அளித்து, மடத்தைத் தம் மகள் ஹில்டகார்டின் பொறுப்பில் விட்டார். ஹில்டகார்ட் அதற்குமுன் ஷ்வார்ட்சாக் மடத்தின் தலைவியாக இருந்தவர். 856இல் அவர் இறந்தபின் தங்கை பெர்த்தா பொறுப்பேற்று 877 வரை தலைமை வகித்தார். பெர்த்தாவின் காலத்திலேயே மடக்கோயில் எழுந்தது. அதன் அருட்பொழிவைப் பற்றி சங்க்ட் காலன் மடத்துத் துறவி ராட்பெர்ட் இலத்தீனில் பாடியுள்ளார். அக்காலக் கோயிலின் நிலவறைச் சுவர்கள் இன்றைய கோயிலுக்கு அடியில் எஞ்சியுள்ளன.

ஆவணத்தின் மையம் நிலக்கொடை அன்று, விலக்குரிமை ஆகும். அரச அதிகாரி எவரும் மடத்தின் நிலங்களுக்குள் வழக்கு விசாரிக்கவோ, வரி தண்டவோ, மடத்தின் மக்களைக் கட்டாயப்படுத்தவோ கூடாது என்று அது விதித்தது. தமிழ்க் கல்வெட்டுகளில் பயின்றவர்க்கு இறையிலிக் கொடைகள் உடனே நினைவுக்கு வரும். ஆனால் ஒப்புமையை அதற்குமேல் நீட்டுவது பொருந்தாது. இங்கு நீங்கியது வரி மட்டுமன்று. நீதி வழங்கும் அதிகாரமும் வட்டார ஆட்சியரிடமிருந்து நீங்கியது. அவ்விடத்தை நிரப்ப ‘ஃபோக்ட்’ எனப்படும் காவல் அதிகாரி ஒருவர் வேண்டியிருந்தார். பெண்களோ குருமாரோ குருதி சிந்தும் தண்டனை வழங்கலாகாது என்பதால், மடத்தின் பெயரால் வாளேந்தும் உரிமை அவ்வதிகாரியிடம் இருந்தது. விலக்குரிமை மடத்தை உயர்த்திய அதே வேளையில், அதன் கையில் என்றும் வாராத ஓர் அதிகாரத்தையும் உருவாக்கியது. பிற்கால வரலாறு முழுவதும் இம்முரணிலிருந்தே விரிகிறது.

மடத்தின் தோற்றம் குறித்து வழங்கும் தொன்மமும் இங்குக் கருதத்தக்கது. ஆல்பிஸ் மலையில் பால்டன் கோட்டையில் வாழ்ந்த இரு அரசமகளிரை, கொம்புகளில் ஒளி சுடரும் கலைமான் ஒன்று இரவில் ஏரிக்கரைக்கு வழிநடத்தியது என்றும், அவ்விடத்தில் கோயில் எழுப்ப அவர்கள் தந்தையை வேண்டினர் என்றும் அது கூறும். ஆவணத்தில் செயல்படுபவர் அரசர். தொன்மத்தில் செயல்படுபவர்கள் மகளிர். தொன்மம் பொய், ஆவணம் மெய் என்று இதைக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் ஆவணமும் ஒரு நோக்குடையதே. சகோதரர்களுடன் பிரித்துக்கொண்ட பேரரசில், ஆல்ப்ஸ் வழிகளுக்கு அருகே நம்பிக்கைக்குரிய கைகளில் ஒரு பகுதியை வைத்திருக்க லுட்விக் விரும்பினார் என்பதை அது சொல்வதில்லை. மகளிர் மடத்தலைவியராக இருக்கும்வரை அவர்கள்வழி மருமகன்மார் உரிமை கோரமாட்டார்கள். அரச குடும்பங்கள் பெண்கள் மடங்களை வளர்த்தமைக்கு இறைப்பற்றோடு இக்கணக்கும் காரணமாயிற்று.

அரசகுல இல்லமாக மடம் தொடர்ந்தமைக்கு அடுத்த தலைமுறைகளும் சான்று தருகின்றன. பெர்த்தாவுக்குப் பின், 878இல், கொழுத்த சார்லஸ் இம்மடத்தைத் தம் மனைவி ரிச்சார்டிசுக்கு அளித்தார். 10ஆம் நூற்றாண்டில் சுவாபிய இளவரசி ரெகின்லிண்ட் அதன் தலைமையை வகித்தார். கணவர் இருவரும் அடுத்தடுத்து சுவாபியாவின் கோமக்களாக இருந்தவர்கள். சூரிக் ஏரியிலுள்ள ஊஃபெனாவ் தீவோடு அவரது கடைசி நாள்களை மரபு இணைக்கிறது. தலைவி என்பவர் அக்காலத்தில் துறவியா, அரசியா என்னும் வினா அவர்களுக்கே எழுந்திராது.

‘ஆட்சித் தலைவி’ என்பதன் உள்ளடக்கம்

மூன்றாம் ஹென்றியின் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் நடுவில், சந்தை, சுங்கம், நாணயம் ஆகிய உரிமைகள் மடத்துக்கு வந்தன என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. 1045 என்னும் ஆண்டைப் பல நூல்கள் தருகின்றன. இதனைக்கொண்டு மடத்தலைவி ‘சூரிக்கை ஆண்டார்’ என்று பயண நூல்களும் பொதுமக்களுக்கான வரலாறுகளும் எழுதுகின்றன. அக்கூற்றைப் பகுத்துப் பார்த்தல் வேண்டும்.

தலைவியிடம் இருந்தவை: மடத்து நிலங்களின் உடைமை, நகரச் சந்தையின்மீதும் சுங்கத்தின்மீதும் வருவாய், நாணயம் அடிக்கும் உரிமை, சிறுவழக்குகளையும் கடன் வழக்குகளையும் விசாரிக்கும் ‘ஷுல்ட்ஹைஸ்’ என்னும் நீதித் தலைவரை நியமிக்கும் உரிமை. அவரிடம் இல்லாதவை: உயிர்த்தண்டனை வழங்கும் நீதி, படை, நகரக் காவல். இவை அரசப் பிரதிநிதியான ஃபோக்ட்டிடம் இருந்தன. 12ஆம் நூற்றாண்டில் அப்பொறுப்பு லென்ஸ்பர்க் கோமக்களிடமிருந்து சேரிங்கன் கோமக்களிடம் சென்றது. சேரிங்கன் குலம் வலிமை மிக்கது. அவர்கள் வாழ்ந்தவரை மடத்தலைவியின் ஆட்சி அவர்களுடைய நிழலிலேயே நடந்தது.

1218இல் சேரிங்கன் குலம் வாரிசின்றி அற்றது. இரண்டாம் ஃபிரடெரிக் சூரிக்கைப் பேரரசின் நேரடிப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். இதன்பின் மடத்தலைவி பேரரசரைத் தவிர வேறு எவருக்கும் கட்டுப்படாத பேரரச இளவரசி என்னும் தகுதி பெற்றார். மடத்தின் புகழ் உச்சத்தை எட்டிய காலம் இது. ஆனால் அதே 1218, நகரத்தாருக்கும் அதே விடுதலையைத் தந்தது. 1220 அளவில் நகர மன்றம் ஆவணங்களில் தோன்றத் தொடங்குகிறது. ஒரே நிகழ்விலிருந்து இரு உரிமையாளர்கள் பிறந்தனர். ஒருவரிடம் பழைய ஆவணங்கள், மற்றவரிடம் மதில், ஆயுதம், பணம். மடத்தின் வீழ்ச்சி 14ஆம் நூற்றாண்டில் தொடங்கியது எனப் பொதுவாகக் கூறினாலும், அதன் வித்து உச்சத்திலேயே இருந்தது எனலாம்.

இவ்வுரிமைகளுள் நாணயமே தேய்வின் வழிமுறையை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. சூரிக் பெனிகள் மெல்லிய வெள்ளித் தகட்டில் ஒருபுறம் மட்டும் அச்சிடப்பட்டவை. அவற்றுள் பலவற்றில் முக்காடிட்ட மடத்தலைவியின் தலை பொறிக்கப்பட்டது. வேறு சிலவற்றில் புனிதர் ஃபெலிக்சின் உருவம். எழுத்தறியாத உழவரும் சந்தையில் தலைவியின் முகத்தைக் கையில் ஏந்தினர். இத்தகைய தகட்டு நாணயங்கள் எளிதில் வளைந்து தேயும். ஆதலின் அவற்றைக் குறித்த காலத்துக்கொருமுறை திரும்பப் பெற்றுப் புதியதாக அச்சிடுவதும், பழையதற்குப் புதியதை எண்ணிக்கையில் குறைத்துத் தருவதும் இடைக்கால நாணய உரிமையாளரின் வருவாயாக இருந்தன. வேறு சொல்லில், நாணய உரிமை என்பது ஒரு மறைமுக வரி.

அவ்வரியைத் திரட்ட வெள்ளி வேண்டும், உருக்குலை வேண்டும், எடையறிந்த ஆள்கள் வேண்டும். மடத்தில் இவை இல்லை. எனவே தலைவியர் நாணயக்கூடத்தைக் குறித்த ஆண்டுகளுக்கு நகரச் செல்வர்களிடம் குத்தகைக்கு விட்டனர். குத்தகைப் பணம் உறுதியாக வந்தது. மடத்துக்கு இழப்பு அச்சம் இல்லை. நிருவாக நோக்கில் இது அறிவார்ந்த ஏற்பாடே. ஆனால் நாணயத்தின் தரத்தையும் அளவையும் அன்றாடம் தீர்மானித்தவர் குத்தகையாளர். அவருடைய உறவினர்கள் நகர மன்றத்தில் அமர்ந்திருந்தனர். நாணயம் கெட்டால் முதலில் பாதிக்கப்படுபவரும் மன்றத்து வணிகர்களே. ஆகவே மேற்பார்வை மன்றத்தின் இயல்பான கடமையாகத் தோன்றியது. போரின்றி, வழக்கின்றி, ஓர் உரிமையின் உள்ளீடு நகரத்திடம் சேர்ந்தது. தலைவியிடம் பெயரும் வாடகையும் நின்றன. சுங்கமும் நீதித் தலைவர் நியமனமும் ஏறத்தாழ இதே பாதையில் சென்றன.

பண்பாட்டு நோக்கில் இக்காலத்தின் சிறந்த தலைவி எலிசபெத் ஃபான் வெட்சிகோன் (1270–1298). மனேசே குடும்பத்தார் ஜெர்மானியக் காதற்பாடல்களைத் திரட்டிய சூரிக் வட்டத்தில் அவர் மதிப்புக்குரியவராக விளங்கினார். புலவர் ஹாட்லவுப் அவரைத் தம் பாடலில் போற்றிக் குறிக்கிறார். பிற்காலத்தில் மனேசே சுவடி எனப் புகழ்பெற்ற தொகுப்பின் தோற்றச் சூழல் இதுவே.

ஊரி: தொலைநிலத்தின் எதிர்பாராத வரலாறு

853இல் மடத்துக்கு வந்த ஊரி, சூரிக்கிலிருந்து பல நாள் நடைத் தொலைவு. மலைப் பள்ளத்தாக்கு, கால்நடையும் புல்வெளியும் தவிர வேறொன்றுமில்லாத நாடு. மடம் அங்கே ஆல்ட்டோர்ஃப், பியூர்க்லன், சிலேனன் முதலிய இடங்களில் ‘மையர்’ எனப்படும் பண்ணை அலுவலர்களை வைத்துப் பங்கு பெற்றது. அலுவலர்கள் உள்ளூர்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மடத்தின் மக்கள் ‘இறைவன் இல்லத்தார்’ எனப்பட்டனர். விலக்குரிமையின்கீழ் வாழ்ந்ததால் வட்டாரக் கோமக்களின் நேர்ப்பிடிக்குள் அவர்கள் எளிதில் வரவில்லை.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோத்தார்ட் கணவாய் வழி திறந்தபோது ஊரியின் மதிப்புத் திடீரென உயர்ந்தது. இத்தாலிக்குச் செல்லும் குறுவழி அதன் ஊடே சென்றது. 1231இல் அரசர் ஹென்றி ஊரியின் காவலுரிமையை ஹாப்ஸ்பர்க் குலத்திடமிருந்து மீட்டுப் பேரரசின் நேரடிப் பாதுகாப்பில் வைத்தார். பின்னர் 1291ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பங்குபெற்ற மூன்று பள்ளத்தாக்குகளுள் ஊரி ஒன்று. சுவிஸ் விடுதலை வரலாறு பெரும்பாலும் உழவரையும் வில்லாளரையும் கொண்டு சொல்லப்படுகிறது. ஒரு பெண்கள் மடத்தின் தொலைவான, இலகுவான ஆளுகையின்கீழ் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த சமூகம் தன்னாட்சிப் பழக்கத்தைப் பெற்றது என்னும் செய்தி அக்கதையில் இடம்பெறுவது அரிது. மடம் இதனைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பது உண்மையே; ஆனால் திட்டமிடாத விளைவுகளை விலக்கிவிட்டால் நிறுவன வரலாற்றில் எஞ்சுவது குறைவு.

தேய்வின் நூற்றாண்டுகள்

1336இல் ரூடால்ஃப் புருன் தலைமையில் கைவினைக் குழுக்கள் நகர மன்றத்தில் இடம்பிடித்தன. புருன் வாழ்நாள் நகரத் தலைவரானார். 1351இல் சூரிக் சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது. 1400ஆம் ஆண்டு பேரரசக் காவலுரிமையை நகரமே பெற்றது. அதாவது, மடத்தின்மேல் நின்ற பழைய ஃபோக்ட்டின் இடத்தில் இனி நகர மன்றம் நின்றது. தலைவியின் தேர்தலிலும் மடத்தின் கணக்குகளிலும் மன்றம் தலையிடுவது வழக்கமாயிற்று.

மடத்தின் உள்ளேயும் நெருக்கடி இருந்தது. உயர்குடிப் பிறப்பே சேர்க்கைக்குத் தகுதி என்னும் விதி, 9ஆம் நூற்றாண்டில் மடத்தின் வலிமை. 15ஆம் நூற்றாண்டிலோ அத்தகைய குடும்பங்கள் பல அற்றுப்போயின, எஞ்சியவை வறுமையுற்றன. விதியைத் தளர்த்தினால் தகுதி குன்றும். தளர்த்தாவிட்டால் ஆள் குன்றும். ஃபிரௌமூன்ஸ்டர் இரண்டாவதைத் தேர்ந்தது. கோயில் வழிபாட்டுக்கென மடத்தைச் சார்ந்திருந்த குருமாரோடு ஒப்பிடுகையில், கடைசிக் காலத்தில் பெண்களின் எண்ணிக்கை மிகக் குறைவு.

நகரின் மற்றொரு பெண்கள் இல்லமான ஓட்டன்பாக் இதற்கு மாறானது. டொமினிக்கன் சபையைச் சார்ந்த அம்மடம் 13ஆம் நூற்றாண்டில் ஏரிக்கரைப் பகுதியில் தொடங்கி, பின்னர் நகரினுள் இடம்பெயர்ந்தது. ஆட்சியுரிமை ஏதும் அதற்கு இல்லை. அதன் பெருமை எழுத்தில் இருந்தது. எல்ஸ்பெத் ஃபான் ஓயே தம் ஆன்மிகத் துயரனுபவங்களைத் தம் கையாலேயே எழுதிவைத்ததும், அம்மடத்துச் சகோதரியர் வாழ்க்கை நூல் தொகுக்கப்பட்டதும் அங்கேதான். சூரிக்கின் பெண்கள் மடம் என்றால் அதிகாரத்தை மட்டும் தேடும் ஆய்வு, நகரின் மறுபுறத்தில் உருவான இவ்விலக்கியத்தைக் காணாமல் விடுகிறது.

கத்தரீனா ஃபான் சிம்மெர்ன்

மெஸ்கிர்க்கில் 1478இல் பிறந்த கத்தரீனா, சிம்மெர்ன் பெருங்குடியைச் சேர்ந்தவர். தந்தை யோஹான் வெர்னர் 1488இல் பேரரசரின் தண்டனைக்குள்ளாகி நிலங்களை இழந்தார். குடும்பம் சிதறியபோது கத்தரீனாவும் அவருடைய சகோதரி ஒருவரும் சூரிக் மடத்தில் சேர்க்கப்பட்டனர். 1496இல், ஏறத்தாழ 18 வயதில், கத்தரீனா மடத்தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த 28 ஆண்டுகள் அவர் நடத்திய நிருவாகம் தளர்ந்த இல்லத்தின் கடைசி மூச்சாகத் தோன்றவில்லை. தலைவியின் இல்லத்தை அவர் புதிதாகக் கட்டுவித்தார். செதுக்கு மரவேலை நிறைந்த அதன் அறைகள் இன்று சூரிக்கிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஹுல்டிரிச் சுவிங்கிலி 1519 ஜனவரி முதல் நாள் குரோஸ்மூன்ஸ்டரில் போதிக்கத் தொடங்கினார். 1523இன் இரு பொது விவாதங்களில் மன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. 1524 கோடையில் கோயில்களிலிருந்து உருவங்கள் அகற்றப்பட்டன. அதே ஜூலையில் நகரின் வடகிழக்கே இட்டிங்கன் துறவு மடத்தைக் கிளர்ந்த மக்கள் சூறையாடி எரித்தனர். 1524 நவம்பர் இறுதியில் கத்தரீனா மடத்தை ஒப்படைக்கும் விருப்பத்தை அறிவித்தார். டிசம்பர் 8 அன்று ஒப்படைப்பு நிறைவேறியது. தாம் மறுத்தால் நகருக்குப் பெருங்கலகமும் துன்பமும் நேரும் என்பதை அவர் காரணமாகக் குறிப்பிட்டார்.

இவ்வொப்படைப்பை மதிப்பிடுவதில் ஆய்வாளரிடையே நோக்குகள் வேறுபட்டுள்ளன. 19ஆம் நூற்றாண்டில் மடத்தின் வரலாற்றையும் ஆவணங்களையும் விரிவாக வெளியிட்ட கேயோர்க் ஃபான் வீஸ் முதலியோர் நகரின் வளர்ச்சியை முதன்மைப்படுத்தினர். அந்நோக்கில் 1524 ஓர் இயல்பான முடிவு. 1999இல் ஐரீன் கைசல், பார்பரா ஹெல்ப்ளிங் ஆகியோர் பதிப்பித்த தொகுப்பு கத்தரீனாவைத் தனி ஆளுமையாக மீட்டெடுத்தது. இனி இழப்பதற்கு ஒன்றுமில்லாத நிலையில் தவிர்க்கமுடியாததை ஏற்றார் என்பது ஒரு வாதம். விருப்பத்தோடு அமைதியைத் தேர்ந்தார் என்பது மற்றொன்று.

முதல் வாதம் ஒரு செய்தியைக் கணக்கில் கொள்வதில்லை. கத்தரீனா பேரரச இளவரசி. பேரரசரிடமோ, கொன்ஸ்டன்ஸ் ஆயரிடமோ, சீர்திருத்தத்தை எதிர்த்த கூட்டமைப்பு நாடுகளிடமோ அவர் முறையிட்டிருக்கலாம். முறையீடு மடத்தைக் காப்பாற்றியிருக்குமா என்பது ஐயத்திற்குரியது. ஆனால் சூரிக்கின்மீது தலையிட எதிரிகளுக்குச் சட்டக் காரணம் ஒன்றை அது தந்திருக்கும். நகர மன்றம் அன்றாட ஆட்சியை ஏற்கெனவே வைத்திருந்தது. அதனிடம் இல்லாதது, அவ்வாட்சிக்குப் பழைய சட்ட மூலம். நீதித் தலைவர் நியமனமும் நாணய உரிமையும் மரபுப்படி தலைவியின் பெயரால் வந்தவை. உரியவர் தாமே முன்வந்து ஒப்படைத்ததால், மன்றம் பறித்தவராக அன்றி வாரிசாக நின்றது. ‘உள்ளீடற்ற பெயர்’ என்று மேலே கூறப்பட்டது ஒப்படைப்பு நாளில்தான் தன் விலையைக் காட்டியது. மன்றமும் இதனை உணர்ந்திருந்தது என்பதற்கு அது காட்டிய மரியாதையே சான்று: கத்தரீனாவுக்கு வாழ்நாள் ஓய்வூதியமும், மட வளாகத்தில் தங்கும் உரிமையும், நகரக் குடியுரிமையும் அளிக்கப்பட்டன.

1525இல் அவர் கூலிப்படைத் தலைவர் எபர்ஹார்ட் ஃபான் ரைஷாக்கை மணந்தார். 1531 அக்டோபர் 11 அன்று, சுவிங்கிலி வீழ்ந்த அதே கப்பெல் போரில், ரைஷாக்கும் சூரிக்கின் பக்கம் நின்று இறந்தார். கத்தரீனா 1547 வரை சூரிக்கில் வாழ்ந்தார். அவருடைய சகோதரன் மகன் ஃப்ரோபென் கிறிஸ்டோஃப் எழுதிய சிம்மெர்ன் குடிவரலாறு, சுவையான செய்திகள் நிறைந்தது. ஆனால் பழைய சமயத்தில் நின்ற குடும்பத்தின் மானத்தை மையமாகக் கொண்ட நூல் என்பதை மறந்து அதைச் சான்றாக்குதல் தகாது. கிறிஸ்டினே கிறிஸ்ட்-ஃபான் வெடெல் 2019இல் வெளியிட்ட நூல், மடத்தலைவி, கூலிப்படைத் தலைவர், அவர்களுடைய மகள்கள் என்னும் பொருளில் தலைப்பிடப்பட்டு, இவ்வுறவின் வரலாற்றை மறுபடியும் திறந்துள்ளது.

ஒப்படைப்புக்குப் பின்

மடத்தின் சொத்துகள் ‘ஃபிரௌமூன்ஸ்டர் அலுவலகம்’ என்னும் நகர நிருவாகப் பிரிவின்கீழ் வந்தன. கட்டடங்களில் இலத்தீன் பள்ளி நடந்தது. 1525 ஜனவரியில் வறியோர் உதவிச் சட்டமும் மே மாதத்தில் திருமண நீதிமன்றமும் அமைந்தன. மடங்களின் வருவாய் கல்விக்கும் வறியோர்க்கும் சென்றது என்று சீர்திருத்த வரலாறு பெருமையுடன் குறிப்பிடுவது தவறன்று. ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. தலைவியைப் போலப் பெண் ஒருவர் முத்திரையிட்டு ஆவணம் வழங்கும் பதவி அந்நகரில் அதன்பின் இல்லை. திருமண நீதிமன்றத்தில் பெண்கள் வழக்காளிகளாக வந்தனர், நடுவர்களாக அன்று. சூரிக் மாநிலத்தில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1970இல். சுவிஸ் கூட்டாட்சி அளவில் 1971இல்.

ஆற்றில் தலை வெட்டுண்டு, தம் தலைகளைக் கையிலேந்தி நடந்தனர் எனத் தொன்மம் கூறும் ஃபெலிக்சும் ரெகுலாவும் சீர்திருத்தத்துக்குப் பின்னும் சூரிக்கின் முத்திரையில் நீடித்தனர். அவர்களுடையவை எனப் போற்றப்படும் மண்டையோடுகளோ மடத்தின் பழைய நாடான ஊரிக்குச் சென்றன என்பது மரபு. இன்றும் அங்குள்ள ஆண்டர்மாட் கோயிலில் அவை உள்ளன.

மடத்தின் எஞ்சிய கட்டடங்கள் 1898இல் நகர மண்டபத்துக்காக இடிக்கப்பட்டன. அம்மண்டபத்தை வடிவமைத்த குஸ்தாவ் குல்லே தேசிய அருங்காட்சியகத்தையும் வடிவமைத்தவர். ஆகவே ஒருவர் திட்டத்தில் வளாகம் மறைந்தது, அவருடைய மற்றொரு கட்டடத்தில் தலைவியின் அறைகள் தப்பின. உள்முற்றத்தின் பழைய வளைவுகளுள் சில காக்கப்பட்டன. அங்கே 20ஆம் நூற்றாண்டில் பவுல் போட்மர் கலைமான் தொன்மத்தைச் சுவரோவியமாக்கினார். கோயிலுக்கு வருவோர் பெரும்பாலும் மார்க் ஷகால் 1970இல் அமைத்த வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்காகவே வருகின்றனர். நகர ஆண்களின் குழுக்கள் மட்டும் இளவேனில் விழாவில் அணிவகுத்த மரபுக்கு மாற்றாக 1989இல் பெண்கள் ‘ஃபிரௌமூன்ஸ்டர் சங்கம்’ ஒன்றை நிறுவி, சூரிக் வரலாற்றுப் பெண்களை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து வருகின்றனர். 2004இல் உள்முற்றத்தில் கத்தரீனாவுக்கு நினைவுச் சின்னம் எழுந்தது. அன்னா-மரியா பவுவர் அமைத்த அச்சின்னத்தில் உருவச் சிலை ஏதும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செப்புக் கட்டைகளே உள்ளன.